பங்குனியில் மாடித்தோட்டம், சாயங்காலத்தில் ஒரு சுற்று: வேலூர்ப் பக்கத்துக்காரர்கள் சொல்லுங்கள்

விருதம்பட்டு மாடி

எல்லோருக்கும் வணக்கம். போன வருஷம் மாசியில் பால் காய்ச்சி விருதம்பட்டு வீட்டுக்குக் குடிவந்தோம். அதற்கு முன்பு சென்னையில் வாடகை வீடு. ஜன்னல் கம்பியில் ஒரு மணிபிளான்ட், அவ்வளவுதான் எங்கள் விவசாயம். இங்கே மொட்டைமாடி முழுக்க எங்களுக்கே. வீட்டு முன்னால் காம்பவுண்டை ஒட்டி நீளமாக ஒரு மண் தரை, பின்னால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடம். முதல் வருஷம் கிரில், பெயின்ட், போர் மோட்டார், பையனின் பள்ளிக்கூடம் என்றே ஓடிவிட்டது. இப்போதைக்கு வீட்டில் உள்ள செடி என்றால் மாமியாரின் துளசியும், கட்டட வேலை நடந்தபோது மேஸ்திரி நட்டுவிட்டுப் போன முருங்கைப் போத்தும்தான். அந்தப் போத்து யாரும் கவனிக்காமலேயே மாடி உயரத்துக்கு வந்துவிட்டது.

கொஞ்ச நாளாகப் பக்கத்து வீட்டு வேம்பு பூக்கிறது. தெருமுனைப் புங்கமரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மறுபடி தளதளவென்று நிற்கிறது. பார்த்ததிலிருந்து கை பரபரக்கிறது. இந்தப் பங்குனியில் விதைத்தால் வருமா, கத்திரி வெயிலில் கருகிவிடுமா? எங்கள் போர் தண்ணீர் நல்ல உப்பு. குழாயில் வரும் காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே சரியாகிவிடுகிறது. செடிக்கு எதை ஊற்றுவது?

அப்புறம் இன்னொன்று. ஒரு வருஷமாகியும் கோட்டை, ஸ்ரீபுரம் இரண்டையும் தாண்டி நாங்கள் எங்கேயும் போனதில்லை. எதிர்வீட்டு பாய் குடும்பத்தைத் தவிரத் தெருவில் யாரோடும் நின்று பேசுகிற அளவுக்குப் பழக்கமில்லை. வெயில் ஏறுவதற்குள் இரண்டாம் வகுப்புப் பையனையும் முட்டிவலி மாமியாரையும் கூட்டிக்கொண்டு பக்கத்தில் எங்கே போகலாம்?

கணக்குப்பிள்ளை

ஆடி வரைக்கும் சும்மா இருங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் பொழுதுபோகாமல் சொல்லவில்லை. மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறந்தால் 28 வரை விடாது. வேலூர் 40 டிகிரியைத் தாண்டினால் செய்தியே இல்லை, தாண்டாமல் இருந்தால்தான் செய்தி. செருப்பில்லாமல் கால்வைக்க முடியாத தளத்தில் வேர் எப்படி நிற்கும்? பை, கோகோபீட் என்கிற தென்னைநார்த் தூள், நிழல்வலை, அதைக் கட்ட இரும்புக் குழாய் என்று செலவு செய்கிற காசுக்கு டோல்கேட் உழவர் சந்தையில் மாதக்கணக்கில் காய் வாங்கலாம்.

சத்துவாச்சாரி அக்கா

கணக்குப்பிள்ளை தம்பி வருஷா வருஷம் இதே பதிலைத்தான் போடுகிறார், பழைய இழைகளைத் தேடிப் பாருங்கள்.

ஆடி பெரிய பட்டம், மறுக்கவில்லை. ஆனால் சித்திரைப்பட்டம் என்றும் ஒன்று இருக்கிறது. வெண்டை, கொத்தவரை, காராமணி, சுரை, பீர்க்கு, பூசணி, தண்டுக்கீரை இதெல்லாம் வெயிலில் வளர்கிற சாதி. தக்காளி, பீன்ஸ், முட்டைக்கோஸ் பக்கம் இப்போது போகாதேம்மா. தக்காளிச் செடி வளரும், பூக்கவும் பூக்கும். ராத்திரியிலும் சூடு இறங்காத மாதத்தில் அந்தப் பூ பிஞ்சாகாமல் உதிரும். நீ உரத்தை மாற்றுவாய், மருந்தடிப்பாய், யூடியூப் பார்ப்பாய், ஒன்றும் நடக்காது.

வெண்டை இன்றைக்கு ஊன்றினால் 45, 50 நாளில் முதல் காய். அதாவது கத்திரி தொடங்கும்போது செடி வேர்பிடித்துக் காய்ப்பில் இருக்கும். கத்திரி நடுவில் முளைவிட வைத்தால்தான் பாடு. அதனால் விதைக்கிறதானால் இந்த வாரமே விதை. சித்திரை பிறக்கட்டும் என்று பஞ்சாங்கம் பார்க்காதே. நம் ஊரில் இதமான காலம் என்பது மாசிக் கடைசியும் பங்குனியும்தான்.

கீரை முதலில். சிறுகீரை, அரைக்கீரை 25 நாளில் கைக்கு வரும். புதிதாகத் தோட்டம் போடுகிறவளுக்கு முதல் மாதமே ஒரு கட்டு கீரை அறுத்துவிட்டால் அப்புறம் ஊக்கத்துக்கு யாரும் வேண்டாம்.

மண் கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. பைக்குக் கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கனம் குறையட்டும் என்று வெறும் கோகோபீட்டில் வளர்க்கச் சொல்வார்கள். அது மத்தியானத்துக்குள் மேலே காய்ந்து ஓடு கட்டிவிடும். கோகோபீட்டை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுக் கல, அதிலேயே உப்பு இருக்கும். பையைத் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வை. காற்று போகும், தளமும் ஊறாது. நனைந்த பை நல்ல கனம், அதனால் நடு மாடியில் குவிக்காமல் சுவரோரமாகவும் பீம் போகிற இடத்திலும் வரிசைப்படுத்து.

புங்கமரம் உதிர்த்தது என்றாயே, அந்தச் சருகை யாரும் கொளுத்துவதற்குள் ஒரு சாக்கு அள்ளி வா. பைக்குள் மண் தெரியாத அளவுக்கு மூடாக்காகப் போடு. கத்திரியில் செடியைக் காப்பாற்றுவது பாதி அதுதான்.

காட்பாடி ஜங்ஷன்

தண்ணீர் விஷயம் நான் சொல்கிறேன், எங்கள் பக்கமும் உப்புதான்.

போர் தண்ணீரையே ஊற்றலாம், ஆனால் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கக் கூடாது. தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மேலே தங்கும். பை விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான் அறிகுறி. ஊற்றும்போது அடித்துளையில் வடிகிற அளவுக்கு ஊற்றுங்கள். வாரத்துக்கு ஒருமுறை கூடுதலாக ஊற்றி உப்பை அலசி வெளியேற்றுங்கள். ஏசி வைத்திருந்தால் அதிலிருந்து வடிகிற தண்ணீர் தங்கம், ஒரு சொட்டு விடாதீர்கள். அரிசி கழுவிய தண்ணீரும் காவிரித் தண்ணீர்தானே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை மட்டும் செடிக்கு வேண்டாம். அது போர் தண்ணீரைவிட உப்பு. வாசல் கழுவலாம்.

முருங்கை, பாலக்கீரை, பீட்ரூட் எல்லாம் உப்பைத் தாங்கும். பீன்ஸ், கேரட், வெங்காயம் தாங்காது.

ஊற்றுகிற நேரம் காலை 7க்குள், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. சிமென்ட் தொட்டி தண்ணீரை மத்தியானம் குழாயில் பிடித்து அப்படியே ஊற்றினால் வெந்நீர் ஊற்றிய கணக்கு.

கணக்குப்பிள்ளை

அக்கா, பழைய இழைகளைத் தேடச் சொன்னீர்களே, போன சித்திரையில் உங்கள் வெண்டைக்கு என்ன ஆயிற்று என்பதும் அதே இழையில்தான் இருக்கிறது.

சத்துவாச்சாரி அக்கா

அது குரங்கு. வெயில் இல்லை. இரண்டையும் குழப்பாதே.

பாகாயம் வாத்தியார்

குரங்கைப் பற்றிப் பேச்செடுத்ததால் வந்தேன். மலையடிவாரத்தில் இருக்கிறவர்களுக்கு உரம், தண்ணீர் எல்லாம் அப்புறம். குரங்கு தொடாதது எது என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் வீட்டில் மீந்தது கறிவேப்பிலை, கற்பூரவல்லி, மிளகாய், எலுமிச்சை, பாகல். சுரைக்காயைப் பிஞ்சிலேயே கடித்துப் போட்டுவிட்டுப் போகும், தின்பதுகூட இல்லை. விருதம்பட்டு ஆற்றோரம் என்பதால் அந்த அம்மாவுக்கு இந்தத் தொல்லை அவ்வளவு இருக்காது என்று நினைக்கிறேன்.

அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் தினம் நடக்கிறவன், அதனால் சொல்கிறேன்.

கோட்டையைப் பார்த்துவிட்டோம் என்கிறீர்கள். எந்த நேரத்தில் பார்த்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டத்தோடு போனால் ஐஸ்கிரீம் வண்டியைத்தான் பார்க்க முடியும். விடிகிற நேரத்தில் போங்கள். அகழித் தண்ணீரும் கருங்கல் மதிலும் அப்போதுதான் முழுசாகக் கண்ணில் படும். ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பையனுக்குக் காட்டுங்கள், ஒரு தூணுக்கே அரை மணி நேரம் ஆகும். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். அதில் கோயில் கணக்கு 1981இலேயே தீர்ந்துவிட்டது. அந்த வருஷம்தான் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நடந்ததும் இதே மதிலுக்குள்தான். மெயின் ரோட்டில் அதற்கு நினைவுத்தூண் நிற்கிறது. நாம் தினம் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போகிறோம்.

ஆறு விஷயத்தில் ஒரு திருத்தம். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தவர்கள் நீரில்லாத ஆறு என்று இப்போது கொஞ்சம் யோசித்துத்தான் சொல்கிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து பாலம் பக்கம்தானே, சாயங்காலம் பையனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். மாசியில் மயானக் கொள்ளை பார்த்திருப்பீர்களே? தேர்களும் வேஷக்காரர்களும் இறங்கியது அந்த மணலில்தான்.

முட்டிவலிக்காரருக்கு வள்ளிமலை வேண்டாம், படி ஏற வேண்டும். நீங்களும் பையனும் மட்டும் ஒரு நாள் காலையில் போய் வாருங்கள். முருகன் ஒரு பக்கம், சமணக் குகையும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இன்னொரு பக்கம். மாமியாரோடு போக விரிஞ்சிபுரம், திருவல்லம் இரண்டும் நல்லது, தரைமட்டக் கோயில்கள். திருவாரூர்த் தேரழகு என்று தொடங்கும் பழமொழியில் விரிஞ்சிபுரம் மதிலழகு என்று வருமே, அது இந்த மதில்தான். உள்ளே நிழலை வைத்து நேரம் பார்க்கிற கல் ஒன்று இருக்கிறது. உங்கள் பையன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்க்கட்டும். திருவல்லத்தில் நந்தி சாமியைப் பார்க்காமல் எதிர்த்திசையில் திரும்பி உட்கார்ந்திருக்கும். ஏன் என்று அங்கே யாரிடமாவது கேளுங்கள், ஆளுக்கொரு கதை கிடைக்கும்.

குடியாத்தம் தறி

வாத்தியார் ஐயா கோயிலோடு நிறுத்திவிட்டார். பையனுக்கு அமிர்தி பிடிக்கும். கணியம்பாடி வழியாகப் போனால் ஜவ்வாது மலை அடிவாரத்தில் சின்ன உயிரியல் பூங்கா. மான், முதலை, பறவைகள், கூடவே காடு. அருவி என்று போர்டு இருக்கும், பங்குனியில் அதை நம்பிப் போகாதீர்கள். மழைக்குப் பிறகுதான் அது அருவி.

ஒரு ராத்திரி ஒதுக்க முடிந்தால் காவலூர். ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் அமைத்தது. சனிக்கிழமை மாலையில் பொதுமக்களை விடுவது வழக்கம், கிளம்புவதற்கு முன்னால் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மேகம் மூடிக்கொள்ளும், அதனால் கோடைதான் அதற்குச் சரியான நேரம்.

ஏலகிரிக்கு மே மாதம் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 14 கொண்டை ஊசி வளைவிலும் பெங்களூரு வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ப் புங்கனூர் ஏரியில் படகுக்கு வரிசையில் நிற்பது ஓய்வா? பங்குனிக்குள், வார நாளில் போய் வாருங்கள்.

மண்வெட்டி

அணைக்கட்டு பக்கம் விவசாயம். மாடித்தோட்டம் எனக்குத் தெரியாது, கத்திரிக்காய் தெரியும்.

வேலூரில் வீடு வாங்கிவிட்டு முள்ளுக்கத்திரி வைக்காமல் இருந்தால் எப்படி? இலவம்பாடி முள்ளுக்கத்திரி என்று இங்கே சொல்லுவோம். 2023இல் வேலூர் முள்ளு கத்திரிக்காய் என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் காயின் குல்லாயிலும் முள் இருக்கும், பறிக்கும்போது கையைப் பதம் பார்க்கும். சதைப்பற்று அதிகம். எண்ணெய்க் கத்திரிக்காய் செய்தால் வித்தியாசம் புரியும்.

ஆனால் இப்போது விதைக்காதீர்கள். விதையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வைகாசிக் கடைசியில் நாற்று விட்டால் ஒரு மாதத்தில் நடவுக்கு வரும், ஆடிக்குச் சரியாக இருக்கும். நட்ட பிறகு நுனிக் குருத்து வாடித் தொங்கினால் தண்ணீர் குறைவு என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள் பட்டணத்துக்காரர்கள். அது குருத்துப் புழு. வாடியதைக் கீழே வரை கிள்ளி நசுக்கிப் போடுங்கள், செடி மேலேயே விட்டால் அடுத்து காய்க்குள் போகும். சந்தேகம் இருந்தால் விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கோயிலுக்குப் போகும் அன்றைக்கே ஒரு எட்டு போய்க் கேட்கலாம், வேலை நாளாக இருந்தால்.

பேரணாம்பட்டு பாய்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கத்திரிக்காய் பேச்சு வந்தது, ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள இந்த முள்ளுக்கத்திரி அளவுக்கு எதுவும் ஈடில்லை. ஆற்காட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

நெறியாளர்

பிரியாணிக்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பதிவுக்கு வந்த பதில்கள் அங்கே நகர்த்தப்பட்டன.

பேரணாம்பட்டு பாய்

சரி சரி. அந்தச் சகோதரி கேட்டதில் ஒன்றுக்கு மட்டும் சொல்கிறேன். தெருவில் பழக்கமில்லை என்றார். எதிர்வீட்டில் நோன்புக் கஞ்சி கொடுத்தார்களா? கொடுத்திருப்பார்கள். அந்தத் தூக்கை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். உங்கள் முருங்கைக்கீரையோ காயோ போட்டுக் கொடுங்கள். மாடி உயரத்துக்கு வளர்ந்த முருங்கையை ஒரு குடும்பம் தின்று தீர்க்க முடியாது. அப்புறம் அதைக் கவாத்து செய்யுங்கள். காய்ப்பு முடிந்ததும் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் பக்கக் கிளை விட்டுக் கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும். வெட்டுகிற கிளைகளைத் தெருவில் கேட்பவர்களுக்குக் கொடுத்தால் அவர்கள் வீட்டிலும் போத்து. எங்கள் தெருவில் பாதி முருங்கை ஒரே மரத்துப் பிள்ளைகள்.

மாமரம் வைக்க முன்னால் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பங்கனப்பள்ளி ஒட்டுக்கன்று இந்த மண்ணில் நன்றாக வரும். ஆனால் இப்போது நடாதீர்கள், மழை பிடித்த பிறகு. ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். காம்பவுண்டை ஒட்டி வைத்தால் பத்து வருஷம் கழித்துப் பக்கத்து வீட்டோடு பஞ்சாயத்து.

விருதம்பட்டு மாடி

இவ்வளவு பதில்களை எதிர்பார்க்கவில்லை. நன்றி. கஞ்சி வந்தது உண்மை. தூக்கில் முருங்கைக்காய் போட்டுக் கொடுத்தேன், மறுநாள் அந்த அக்கா மேலே வந்து மாடியைப் பார்த்துவிட்டு, மேற்குப் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி கட்டு, மத்தியான வெயில் அங்கிருந்துதான் அடிக்கும் என்றார். நிழல்வலை வாங்கலாமா தட்டி போதுமா?

இன்னொரு சந்தேகம். தோட்டக்கலைத் துறையில் மானியத்தில் மாடித்தோட்டத் தொகுப்பு கிடைக்கும் என்கிறார்களே, யாராவது வாங்கியிருக்கிறீர்களா?

சத்துவாச்சாரி அக்கா

அந்த அக்கா சொன்னதைக் கேள். மேற்குத் தட்டிதான் முக்கியம். கீரைப் பைக்கும் நாற்றுக்கும் மட்டும் 50 சதவீத நிழல்வலை போதும், வெண்டைக்கும் கொடிக்கும் வலை வேண்டாம், காய்ப்பு குறையும். வலையைத் தாழ்வாகக் கட்டினால் உள்ளே புழுங்கும், ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்குக் கட்டு. சித்திரையில் சாயங்காலத்தில் திடீரென்று காற்றும் இடியுமாக வரும், அன்றைக்கு வலை பிய்த்துக்கொண்டு போகாமல் ஒரு பக்கம் அவிழ்க்கத் தோதாக முடிச்சுப் போடு.

தொகுப்பு நான் வாங்கியிருக்கிறேன். பை, கோகோபீட் கட்டி, விதைப் பொட்டலங்கள், உயிர் உரம் எல்லாம் வரும். கையிருப்பு இருக்கும்போது கொடுப்பார்கள், வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் ஆதாரோடு போய்க் கேள். கோகோபீட்டோடு மண்ணை நீயே சேர்த்துக்கொள். செடிகளுக்கு நவ்லாக் அரசுப் பண்ணைக்கும் ஒரு நடை போகலாம். ராணிப்பேட்டை பக்கம், வாத்தியார் பட்டியலில் விட்டுப்போன இடம்.

நெடுஞ்சாலையோர நர்சரிகளில் மல்லிகைக் கன்று பூவோடு விற்பார்கள். பூவைப் பார்த்து வாங்காதே, அடி வேரைப் பார்த்து வாங்கு. எங்கள் தெருவில் ஒருத்தி ஒரு நர்சரியில் குண்டுமல்லி என்று வாங்கி வந்தது ஊசிமல்லியாகப் பூத்தது. மல்லிகைக்கு இப்போது பூக்கிற பருவம், கத்தரி வைக்காதே. கவாத்து மார்கழி வாக்கில்.

கணக்குப்பிள்ளை

அக்கா சொல்வதை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். பை மானியத்தில், சருகு இலவசம், தட்டி சொற்பம். சரி, கீரைக்கு நான் சம்மதம். வெண்டை பற்றி மே கடைசியில் பேசலாம்.

விருதம்பட்டு மாடி

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன், என்ன நடந்தது என்று சொல்ல வேண்டுமல்லவா.

கீரை அறுத்தாயிற்று. இரண்டாவது விதைப்பும் முளைத்துவிட்டது. வெண்டை முழங்கால் உயரம் தாண்டிப் பூ விட்டிருக்கிறது. பீர்க்கையும் சுரையும் பின்பக்கத் தரையில் ஊன்றியவை கயிறு பிடித்து மாடிக்கு ஏறிவிட்டன. ஆனால் பூத்த பூவெல்லாம் உதிர்கின்றன, ஒரு பிஞ்சு நிற்கவில்லை. எதிர்வீட்டு அக்காவுக்கும் இது புரியவில்லை.

திருவல்லம் போய் வந்தோம். கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பாட்டி, "எங்கம்மா?" என்று வாசலில் நின்று கேட்டார். சொன்னதும் நானும் வரேன் என்று புடவையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார், அவர் பேத்தியும் ஏறிக்கொண்டாள், ஒரு ஆட்டோ இரண்டு ஆட்டோ ஆனது. நந்தி திரும்பியதற்கு அந்தப் பாட்டியே ஒரு அசுரன் கதை சொன்னார். அர்ச்சகர் வேறு மாதிரி சொன்னார். கோயிலை விட்டு வரும் வரைக்கும் பாட்டி அவர் சொன்னதை ஒப்புக்கொள்ளவில்லை. வருஷப்பிறப்புக்கு அவர் வீட்டு வேப்பம்பூதான் எங்கள் பச்சடிக்கு. வேம்பு அவர்களுடையது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், நான் பின்வீட்டு மரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சத்துவாச்சாரி அக்கா

முதலில் வருகிறது ஆண் பூ. பூவுக்குக் கீழே குட்டிக் காய் வடிவம் இல்லாமல் வெறும் காம்பு இருக்கிறதா பார். அது உதிரத்தான் செய்யும். பெண் பூ வந்த பிறகும் பிஞ்சு பழுத்து விழுந்தால் தேனீ வரவில்லை என்று அர்த்தம். கையால் சேர்த்துவிடு. ஆண் பூவைப் பறித்து இதழை விலக்கி, பெண் பூ நடுவில் மெல்லத் தடவு. சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலரும், பூசணியும் பாகலும் காலையில். ஆபீஸ் போகிறவர்களுக்குச் சுரைதான் வசதி, வீடு திரும்பி டீ குடித்துவிட்டுச் செய்யலாம். உன் பையனுக்குக் கற்றுக்கொடு, விரல் சின்னது, நன்றாகச் செய்வான்.

பாகாயம் வாத்தியார்

சித்ரா பௌர்ணமி வருகிறது. புஷ்பப் பல்லக்கைத் தவறவிடாதீர்கள். பல கோயில்களிலிருந்து பூவால் அலங்கரித்த பல்லக்குகள் ராத்திரி நேரத்தில் மண்டித் தெரு பக்கம் வந்து வரிசையாக நிற்கும். விடிய விடிய கூட்டம். மாமியாருக்கு உட்கார மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துப் போங்கள், வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிடுங்கள். மத்தியானமே தூங்கி வைத்துக்கொள்வது உத்தமம். நான் போன தடவை பத்து மணிக்கே கண்ணயர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டேன், வீட்டு அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

குடியாத்தம் தறி

அதற்கு அடுத்து வைகாசி முதல் தேதி எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மன் சிரசு ஊர்வலமாக வரும்போது தெருவெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், காலில் நல்ல செருப்போடு வாருங்கள். காட்பாடியிலிருந்து ரயிலில் வந்துவிடுவது நல்லது. ரோட்டில் வந்தால் ஊருக்குள் நுழையவே மத்தியானம் ஆகும்.

காட்பாடி ஜங்ஷன்

ரயிலில் வந்தாலும் ஸ்டேஷன் ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள் தறி. அன்றைக்கு ஷேர் ஆட்டோவில் தொங்கத்தான் இடம் கிடைக்கும்.

விருதம்பட்டு மாடி

பல்லக்கு பார்த்தோம். மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொண்டோம். பையன் முதல் பல்லக்கு வந்ததும் தூங்கியவன் வீட்டு வாசலில்தான் எழுந்தான். மாமியார் கடைசிவரை அசையவில்லை. முட்டிவலியைப் பற்றி அன்றைக்கு ஒரு பேச்சும் இல்லை.

சுரைக்குக் கைச்சேர்க்கை பலித்தது. வெண்டை இரண்டு நாளைக்கு ஒரு பொரியலுக்கு வருகிறது. கணக்குப்பிள்ளை சார், மே கடைசியில் பேசலாம் என்றீர்களே. கத்திரி நடுவில் இரண்டு பைகள் கருகியதை ஒளிக்க மாட்டேன். அவை தட்டி நிழல் எட்டாத மூலையில் இருந்தவை.

இப்போது புதுப் பிரச்சினை. செம்பருத்தியிலும் வெண்டை நுனியிலும் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. மாவுப்பூச்சி என்கிறார்கள். சுற்றி எறும்பு.

மண்வெட்டி

மாவுப்பூச்சிதான். எறும்பு இருந்தால் அதை இடம் மாற்றிப் பரப்பிக்கொண்டே இருக்கும், முதலில் எறும்பைத் தடுக்க வேண்டும். செங்கலைச் சுற்றிச் சாம்பலோ மஞ்சள்தூளோ போடுங்கள். அதிகமாகப் பிடித்த நுனியை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், குப்பை மேட்டில் வீசாதீர்கள். மற்றதற்குக் குழாயால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிவிட்டு, சாயங்காலம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடக் கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து இலைக்கு அடியில் படும்படி அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை கருகும். வாரம் ஒருமுறை, பூச்சி போகிற வரை. தெருவில் எந்த வீட்டுச் செம்பருத்தியில் இருக்கிறதோ அவர்களிடமும் சொல்லிச் சேர்ந்து செய்யுங்கள். ஒரு வீட்டில் மட்டும் அடித்தால் அடுத்த மாதம் மதில் தாண்டித் திரும்ப வரும்.

கணக்குப்பிள்ளை

இரண்டு பை நஷ்டம், மீதி லாபம் என்றே எழுதிக்கொள்கிறேன். மண்வெட்டி அண்ணா, அந்த முள்ளுக்கத்திரி விதை எங்கே கிடைக்கும்? நண்பர் ஒருவருக்காகக் கேட்கிறேன்.

சத்துவாச்சாரி அக்கா

நண்பருக்காம்!

மண்வெட்டி

நானே நாற்று விடப்போகிறேன், கொஞ்சம் கூடுதலாக விட்டால் ஆயிற்று. ஆனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உழவர் சந்தைக்குக் கொண்டுவருகிறேன். யார் யாருக்கு எத்தனை என்று இங்கேயே எழுதிவையுங்கள். ஒரு வீட்டுக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம், காய்க்கத் தொடங்கினால் தின்ன முடியாது. வேர் அசையாமல் கொண்டுபோகப் பழைய தயிர் டப்பாவில் அடியில் துளை போட்டு எடுத்து வாருங்கள்.

விருதம்பட்டு மாடி

எனக்கு ஐந்து. எதிர்வீட்டு அக்காவுக்கு ஐந்து, வேப்பமரப் பாட்டிக்கு மூன்று. அவர் மிளகாய் நாற்றும் கேட்கிறார், இருக்குமா?